காரணம் கேட்கும் உரிமை: பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவும் பொதுக்கொள்கையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)

 

சமண முனிவர் தங்கிய இடத்திற்குப் பள்ளி என்று பெயர். அங்கே எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டமையால் கல்வி பயிலும் இடத்திற்கும் அப்பெயரே நிலைத்தது என்று அறிஞர் கூறுவர். அப்பெயர் தாங்கிய இடத்திற்குள் இன்று செயற்கை நுண்ணறிவு நுழைந்துகொண்டிருக்கிறது. அதனை எத்தகைய நெறிகளுக்கு உட்படுத்தி ஏற்பது என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், அரையாண்டுத் தேர்வு விடைத்தாளில் ஒரு பக்கத்து மதிப்பெண்ணைக் கூட்டாமல் விட்டுவிட்டேன். மாணவி ஒருத்தி தயங்கியபடியே வந்து, "ஐயா, எனக்கு ஏன் இந்த மதிப்பெண்?" என்று கேட்டாள். தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் தேர்ச்சி பெற்றிருந்தாள். அவள் கேட்டதனாலும், பார்ப்பதற்குத் தாள் இருந்ததனாலும் தவறு திருந்தியது. நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் விடைத்தாள் நகல் பெறவும், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. இந்த எளிய உரிமையே இன்றைய என் பேச்சின் மையப் பொருள்.

இவ்வுரிமை குன்றியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. 2020 மார்ச் திங்களில் பெருந்தொற்றின் காரணமாக அங்கே பள்ளிகள் மூடப்பட்டுப் பொதுத்தேர்வுகள் கைவிடப்பட்டன. அவற்றுள் ஏ லெவல் என்பது நம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைப் போன்றது. பல்கலைக்கழக இடம் பெரும்பாலும் அதன் தரத்தைப் பொறுத்தே அமையும். ஒவ்வொரு மாணவரும் எத்தரம் பெறத்தக்கவர் என ஆசிரியர்கள் மதிப்பிட்டு, பாடவாரியாக அவர்களை வரிசைப்படுத்தியும் அனுப்பினர். தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் என்னும் அமைப்பு அவ்வரிசையை வாங்கிக்கொண்டு, அந்தந்தப் பள்ளி முந்தைய மூன்றாண்டுகளில் பெற்ற முடிவுகளையும் சேர்த்து, கணினிக் கணக்கீட்டின் வழியே தரங்களைப் பங்கிட்டது.

ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வெளியாயின. ஏறத்தாழ 39 விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் மதிப்பிட்டதைவிடக் குறைந்திருந்தன. மிகச் சிறிய வகுப்புகளில் மட்டும் ஆசிரியரின் மதிப்பீடே ஏற்கப்பட்டது. அத்தகைய வகுப்புகள் கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளிலேயே மிகுதி. மூன்றாண்டுகளாக எவரும் உயர்தரம் பெறாத பள்ளியில் ஒரு சிறந்த மாணவி தோன்றியிருந்தால், அவளுக்கு அக்கணக்கில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. அவளுக்கு முன் படித்தவர்களின் முடிவு அவள் தலையில் சுமத்தப்பட்டது. மாணவர் தாமே நேரடியாக முறையிடவும் வழியில்லை. பள்ளியின் வாயிலாக, வரையறுத்த சில காரணங்களுக்காக மட்டுமே முறையிட இயலும். பிள்ளைகள் வீதிக்கு வந்தனர். நான்கே நாட்களில், ஆகஸ்ட் 17 அன்று, அம்முறை கைவிடப்பட்டு ஆசிரியரின் மதிப்பீடு ஏற்கப்பட்டது.

இதில் எவரும் தீங்கு கருதவில்லை. தரங்கள் அளவுக்கு மீறி உயர்ந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். பயன்பட்டதும் இன்றைய செயற்கை நுண்ணறிவு அன்று. விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு புள்ளியியல் கணக்கே. அதுவே இத்தனை துயரை விளைத்ததெனில், ஏன் இம்முடிவு என்று அமைத்தவராலேயே முழுதும் விளக்க இயலாத கருவிகளைப் பிள்ளைகளின் மீது ஏவுமுன் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

ஆகவே பொதுக்கொள்கை முதலில் செய்ய வேண்டியது பயன்பாடுகளைத் தரம் பிரிப்பதாகும். பார்வையற்ற மாணவருக்குப் பாடநூலைப் படித்துக் காட்டும் கருவியும், பல்கலைக்கழகத்திற்கு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் கருவியும் ஒன்றாகா. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுதப்பட்டது. சேர்க்கை, மதிப்பீடு, தேர்வறைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கான கருவிகளை அது உயர் இடர் கொண்டவையாக வகைப்படுத்தி, மனித மேற்பார்வையை வற்புறுத்துகிறது. மாணவரின் முகத்தையோ குரலையோ ஆராய்ந்து அவர் மனநிலையைக் கணிக்கும் கருவிகளைக் கல்வி நிலையங்களில் அடியோடு தடை செய்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. இத்தடை 2025 பிப்ரவரி 2 முதல் செயற்பட்டு வருகிறது.

இரண்டாவது, பிள்ளைகளின் தகவல். கருவியோடு உரையாடும் குழந்தை தன் பெயரையும், பிழைகளையும், சில வேளைகளில் வீட்டுத் துயரத்தையும் அதனிடம் ஒப்படைக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்தம் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது; அவர்களைப் பின்தொடர்ந்து நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆயினும் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. சட்டம் விலக்களித்த இடத்தில் காவல் நிற்கும் கடமை பள்ளி நிர்வாகத்தையே சாரும்.

மூன்றாவது, வயதும் ஆசிரியரும். வகுப்பறையில் இக்கருவிகளைத் தனித்துக் கையாளக் குறைந்தது 13 வயது வேண்டும் என யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கருத்துரைத்தது. எஸ்தோனியா 2025இல் தொடங்கிய தேசியத் திட்டம் பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவரையே முதலில் தேர்ந்தது. ஆசிரியர் பயிற்சியையும் அதனோடு இணைத்தது. தானே எழுதிப் பழகாத பிள்ளைக்கு எழுதித் தரும் கருவி கேடாகும். எழுதத் தெரிந்த பிள்ளையே அது எழுதியதிலுள்ள பிழையைக் காண வல்லது. அவ்வேறுபாட்டை அறிந்து நடத்துவதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். அவர் வருமுன் கருவியை வாங்குவது, உழவரைத் தேடாமல் வித்தை வாங்கிக் குவிப்பதை ஒக்கும்.

அறங்காவலர்களே! அரசு வகுக்கும் கொள்கைக்குக் காத்திருக்கும் காலத்திலும் நம் கையில் ஒரு கொள்கை உண்டு. நீங்கள் பள்ளிகளை நடத்துகிறீர்கள். கல்வி உதவித்தொகை வழங்குகிறீர்கள். விண்ணப்பங்களைக் கணினியே தரம் பிரித்துத் தரும் என்று யாரேனும் வந்து சொல்லக்கூடும். அப்போது நான்கு வினாக்களைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். பிள்ளைகளின் தகவல் எங்கே செல்கிறது? அதனை யார் காண்பர்? எப்போது அழிக்கப்படும்? கருவி பிழை செய்தால், ஏன் என்று கேட்கும் பிள்ளையின் முன் விடைத்தாளோடு நிற்கப் போகிறவர் யார்?

நான்காம் வினாவுக்கு ஒரு மனிதரின் பெயர் விடையாகக் கிடைக்கவில்லையெனில், அக்கருவி நம் பள்ளிக்கு வேண்டா. அன்று அம்மாணவி கேட்டபோது பதில் சொல்ல நான் இருந்தேன். நாளை கேட்கும் பிள்ளைக்கும் ஒருவர் இருக்க வேண்டும்.