நல்ல சட்டமும் நேர்மையான முறையும்

(கிராம ஐக்கிய நாணய சங்கங்களின் அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர், "அது வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய விஷயம்; ஏரும் எருதுமாய் உழைக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று எண்ணுகின்றனர். ஆனால் நமது சங்கமோ சட்டத்தினால் பிறந்தது. தன் பெயரால் கடன் வாங்கவும், கொடுக்கவும், சொத்து வைத்துக்கொள்ளவும், நியாயஸ்தலத்தில் வழக்காடவும் அதற்குள்ள உரிமைகள் யாவும் சட்டம் தந்தவையே. ஆகையால் அச்சட்டத்தை யார் இயற்றுகிறார்கள், எம்முறையில் இயற்றுகிறார்கள் என்பது நமது சொந்தக் காரியமேயாகும். இதைப் பற்றி 2011-ம் வருஷம் முதல் 2021-ம் வருஷம் வரை நம் தேசத்தில் நடந்த ஒரு பெரிய விவாதத்தை எடுத்துரைத்து, அதனால் நமது மகாசபைக்குக் கிடைக்கும் படிப்பினையையும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பழைய வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஐக்கிய நாணய சங்கங்களுக்கான முதற் சட்டம் 1904-ல் இந்தியா முழுமைக்கும் இயற்றப்பட்டது. அவ்வருஷத்திலேயே செங்கற்பட்டு ஜில்லாவில் அப்பொழுது அடங்கியிருந்த திரூர் கிராமத்தில் ஒரு சங்கம் ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. 1912-ம் வருஷத்துச் சட்டம், கடன் கொடுத்தலன்றி வேறு நோக்கங்களுக்கும் சங்கங்கள் அமைக்க இடந்தந்தது. 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின் பின் இவ்விலாகா மாகாண மந்திரிகளின் வசமாயிற்று. சென்னை மாகாணம் 1932-ல் தனக்கெனச் சொந்தச் சட்டம் செய்துகொண்டது. 1950-ல் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டமும் இவ்விஷயத்தை மாநிலங்களின் ஜாபிதாவிலேயே சேர்த்தது. அதன்படியே தமிழ்நாட்டில் 1961-லும் 1983-லும் புதுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றில் பிந்தியது 1988-ல் அமலுக்கு வந்தது.

இக்காலத்தில் சர்க்கார் சங்கங்களில் பங்குப் பணம் போட்டனர். கடனுக்கு ஜாமீன் நின்றனர். பணத்தோடு அதிகாரமும் வளர்ந்தது. பல மாநிலங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டு, தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். தமிழ்நாட்டிலும் அவ்வித நிர்வாகம் நெடுங்காலம் நடந்ததுண்டு. "ஜனங்களின் வரிப்பணமும் ஏழைகளின் டிபாசிட்டும் சங்கத்தில் இருக்கின்றன, குழுவினர் தவறு செய்தால் சர்க்கார் பார்த்துக்கொண்டிருக்கலாமா?" என்பது ஒரு கட்சி. "தவற்றைத் திருத்துவது வேறு, வருஷக்கணக்காகத் தேர்தலே இல்லாமல் வைப்பது வேறு, அங்கத்தினரின் வோட்டைப் பறித்துவிட்டால் அது ஐக்கிய சங்கமா, சர்க்கார் கிளையா?" என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டென்பதை மறுக்கலாகாது.

இரண்டாவது கட்சியின் குறையைத் தீர்க்கவே பார்லிமெண்டு 2011-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அரசியல் சட்டத்தின் 97-வது திருத்தத்தை நிறைவேற்றியது. அது 2012-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 15-ந் தேதி அமலுக்கு வந்தது. நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேல் இருத்தலாகாது. குழுவின் காலம் 5 வருஷம். அது முடியுமுன்பே தேர்தல் நடத்த வேண்டும். பாங்கிகளல்லாத சங்கங்களில் குழுவைக் கலைத்து வைப்பது 6 மாதத்திற்கு மேற்படலாகாது. சர்க்காரின் பங்கோ, கடனோ, உதவியோ, ஜாமீனோ இல்லாத சங்கத்தின் குழுவைக் கலைத்தலே கூடாது. வருஷ முடிவிலிருந்து 6 மாதத்திற்குள் கணக்குத் தணிக்கையும் மகாசபையும் நடைபெற வேண்டும் என்பன அதன் முக்கிய ஷரத்துக்கள். அங்கத்தினர்களுக்கு இவை அனுகூலமானவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இத்திருத்தம் கோர்ட்டில் ஆக்ஷேபிக்கப்பட்டது. ஆக்ஷேபணை யாதெனில், மாநிலச் சட்டசபைகளுக்கே உரிய விஷயத்தில் அவற்றின் கையைக் கட்டும்படி அரசியல் சட்டத்தைத் திருத்துவதாயின், மாநிலச் சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவை அதை அங்கீகரிக்க வேண்டும். அந்த அங்கீகாரம் பெறப்படவில்லை என்பதே. குஜராத் ஹைக்கோர்ட்டு 2013-ல் இதை ஒப்புக்கொண்டது. அப்பீலில் சுப்ரீம் கோர்ட்டும் 2021-ம் வருஷம் ஜூலை மாதம் 20-ந் தேதி, மாநில எல்லைக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை மேற்படி ஷரத்துக்கள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் பரவிய சங்கங்களுக்கு மட்டும் அவை நிலைத்தன. கிராமப் பஞ்சாயத்துக்களைப் பற்றிய 73-வது திருத்தத்திற்கு மாநிலங்களின் அங்கீகாரம் முன்பு பெறப்பட்டிருந்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். வழி தெரிந்திருந்தும் இம்முறை அவ்வழியே செல்லவில்லை.

"நல்ல ஷரத்துக்கள்தாமே! முறையில் குறையிருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். ஏரிப் பாசனமுள்ள ஊரார் இதற்கு எளிதில் விடை சொல்வர். வாடும் பயிருக்கு நீர் பாய்ச்சுவது நல்ல காரியந்தான். ஆயினும் முறைத் தண்ணீர் விடும் ஊரில் ஒருவன் தன் முறை வருமுன் இரவில் மடையைத் திறந்தால், ஒரு வயல் பிழைக்கும். மறுநாள் முதல் முறையே ஒழியும். வலியவன் வயல் நனையும், எளியவன் வயல் காயும். சட்டத்திலும் அவ்வாறே. நல்ல எண்ணத்திற்காக முறையைத் தாண்ட அனுமதித்தால், நாளை தீய எண்ணமும் அதே வழியில் வந்து சேரும்.

சகோதரர்களே! டில்லியில் நேர்ந்த இக்குறை நம் ஊரிலும் நேரக்கூடியதே. உபவிதியை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடனின் உச்ச வரம்பை உயர்த்துவதே நோக்கம். எல்லோருக்கும் அது நன்மை. ஆனால் அங்கத்தினர்களுக்கு முறைப்படி நோட்டீசு அனுப்பவில்லை. கூட்டத்திற்கு வேண்டிய கோரம் சேரவில்லை. மினிட்டு புஸ்தகம் மட்டும் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கி வருகிறது. அந்தத் தீர்மானம் வெறும் காகிதமே. எவரேனும் ஒருவர் ஆக்ஷேபித்தால் அது விழும். அதை நம்பிக் கிணறு வெட்டத் தொடங்கிய குடியானவன் பாதிக் கிணற்றோடு நிற்பான். படிக்காமல் போட்ட கையெழுத்து அவனுக்கு உதவி செய்ததாகாது.

இனி, தீர்ப்புக்குப் பின் நம் நிலை என்னவெனில், சங்கத் தேர்தல், குழுவின் காலம், குழுவைக் கலைத்தல் ஆகியவை மாநிலச் சட்டசபை வகுக்கும் சட்டத்தையே சார்ந்தவை. சங்கம் அமைக்கும் உரிமையும், சுயேச்சையான உருவாக்கம், தன்னாட்சியான நடைமுறை, ஜனநாயகக் கட்டுப்பாடு, திறமையான நிர்வாகம் ஆகியவற்றை வளர்க்க ராஜாங்கம் முயல வேண்டுமென்னும் நெறியும் அரசியல் சட்டத்தில் நிலைத்திருக்கின்றன. அந்த நெறி சட்டமாவதும் ஏட்டளவில் நிற்பதும், நம் பிரதிநிதிகளிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. வோட்டுக் கேட்டு வருபவரிடம் சாலையையும் விளக்கையும் பற்றிக் கேட்கும் நாம், "எங்கள் சங்கத் தேர்தல் காலத்தில் நடக்குமா? சட்டத்தில் அதற்கு என்ன உறுதி?" என்றும் கேட்டல் வேண்டும்.

கேட்கும் தகுதியை நம் நடத்தையால் பெறுவோமாக. ஒவ்வொரு அங்கத்தினரும் உபவிதிகளை வாசித்தறிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மகாசபை நோட்டீசில் கண்ட விஷயங்களை முன்னதாகவே வீட்டிலும் சாவடியிலும் பேசி வர வேண்டும். தணிக்கை அறிக்கையை முழுதும் வாசிக்கும்படி கேட்க வேண்டும். பெண் அங்கத்தினரின் இடத்தில் அவர் புருஷரோ மகனோ வந்து உட்காருவது தகாது. அவரே வந்து கை தூக்க வேண்டும். ஒரு தீர்மானம் பிடிக்காவிடில் வெளியே சென்று குறைகூறாது, சபையிலேயே எதிர்த்து வோட்டளித்து, அதை மினிட்டில் பதிவு செய்யக் கோர வேண்டும். பெரும்பான்மையோரும் எதிர்த்தவரைப் பகைவராக எண்ணலாகாது. கூட்டம் சேராவிடில் கையெழுத்து வேட்டையாடாமல் மறு தேதி குறிக்க வேண்டும். சற்றுத் தாமதமாகும், ஆனால் அன்று செய்த தீர்மானம் அசையாது.

பத்து ஏக்கர் உடையவருக்கும் பத்துக் குழி உடையவருக்கும் சங்கத்தில் ஒரே வோட்டு. எளியவனுக்கு இந்தச் சமத்துவம் கைகூடுவது முறை பிசகாத சபையில் மட்டுமே. அடுத்த மகாசபைக்கு நோட்டீசு வரும்பொழுது ஒருவரும் வீட்டில் தங்காது வந்து சேரும்படி வேண்டிக்கொண்டு, என் வார்த்தைகளை முடித்துக்கொள்கிறேன்.