பாதீட்டில் ஒரு மழைமானி

இன்றைய வேலைப் பெரட்டை விட்டுவிட்டு பஸ் ஏறி இரத்தினபுரிக்கு வந்திருக்கும் என் தோட்டத்துச் சொந்தங்களே,

இன்னும் சில வாரங்களில் 2026ஆம் ஆண்டுக்கான பாதீடு உள்ளூராட்சி சபைகளுக்கு வரப்போகிறது. 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாக நம் பணத்தைச் செலவழித்தவர்கள் அதிகாரிகள். 2025 மே மாதம்தான் வாக்களித்தோம். ஆகவே, நாம் தெரிவு செய்தவர்கள் ஒரு முழு ஆண்டுக்குப் போடும் முதல் கணக்கு இது. அதில் கணினி வரும், கமரா வரும், இணையத்தளம் வரும். வரட்டும், நான் தடுக்க வரவில்லை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ‘கவ்பே’ என்ற இணையவழிக் கட்டண முறையைத் தொடக்கி வைத்தது. ஆதன வரியையும் கைத்தொலைபேசியிலேயே கட்டலாம் என்றால், நகரத்துக் கடைக்கார முதலாளிக்கு அரை நாள் மிச்சம். லயத்துக் காம்பராவில் இருக்கும் அக்காவுக்கு என்ன மிச்சம்? அவர் பெயரில் வீடே இல்லை, வரி எங்கிருந்து வரும்!

காசு வசூலிக்கிற இடத்துக்கு இயந்திரம் சீக்கிரம் வந்துவிடுகிறது. உயிர் போகிற இடத்துக்குத்தான் அது மெதுவாக வருகிறது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபைப் பணம் தோட்டத்துக்குள் வரவிடாமல் குறுக்கே நின்றது. வாக்குப் பெட்டி உள்ளே வந்தது, தெருவிளக்கு வரவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆகவே இனி எந்தச் சபையாவது “தோட்டம் கம்பெனிக்குச் சொந்தம், எங்களால் முடியாது” என்று சொன்னால், அது பழைய பல்லவி. சட்டத்தைக் காட்டுங்கள்.

பணம் வந்தால் மட்டும் போதுமா? ‘நெனசல’வை நினைத்துப் பாருங்கள். தமிழில் அறிவகம் என்று பலகை போட்டார்கள். உலக வங்கியின் உதவியோடு நாடெங்கும் நூற்றுக்கணக்கான கணினி நிலையங்கள். 2014இல் அதற்கு கேட்ஸ் அறக்கட்டளையின் 10 லட்சம் டொலர் விருதும் கிடைத்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல பொறுப்பாளர் இருந்த நிலையம் பிழைத்தது, இல்லாதது பூட்டிக் கிடந்தது. இயந்திரம் வாங்குகிற நாளில் ரிப்பன் வெட்ட ஆள் நிறைய வருகிறார்கள். அடுத்த வருடத்து இணையக் கட்டணத்துக்கும், பழுது பார்க்கிறவரின் சம்பளத்துக்கும் யார் வருகிறார்கள்? பாதீட்டில் அந்தச் செலவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இப்போது மலைக்கு வருகிறேன். 2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது, நாடே பார்த்தது. அதே மழையில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அடுத்த வருடம் களுகங்கை பெருகி இந்த இரத்தினபுரி நகரமும் மூழ்கியது.

நம்மிடம் அறிவியல் இல்லாமலில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழித்திரு, 100 என்றால் புறப்படத் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. இவ்வளவு தெளிவான கணக்கு! ஆனால் எச்சரிக்கை எப்படி வருகிறது? “எஹெலியகொட, குருவிட்ட, கலவான பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கு” என்று வருகிறது. தோட்டத்தின் மேல் டிவிஷனில், மலைச் சரிவை ஒட்டிய லயத்தில் தூங்குகிறவருக்கு அது தன்னைத்தான் சொல்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரே பிரிவுக்குள் ஒரு மலையில் கொட்டுகிற மழை அடுத்த மலையில் தூறலாகப் போவது இறப்பர் பால் வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

நான் கேட்பது பெரிய தொகையே இல்லை. அபாயமுள்ள டிவிஷனுக்கு ஒன்றாக, கோடு போட்ட சாதாரண மழைமானி. அதை இரவிலும் பார்த்துக் குறித்துவைக்க, பயிற்சி பெற்ற இரண்டு பேர், அவர்களுக்கு ஒரு மாதக் கொடுப்பனவு. அறிவிப்பு தமிழில், தோட்டத்தின் பெயரோடும் டிவிஷனின் பெயரோடும். ஒலிபெருக்கி வாங்க வேண்டியதே இல்லை, கோயிலில் இருக்கிறது. திருவிழாவுக்குப் பத்து நாள் ஊரைத் தூங்கவிடாத அந்தக் குழாய், அடைமழை ராத்திரியில் ஒரு தடவை ஊரை எழுப்பினால் மாரியம்மன் கோபிக்க மாட்டாள்! எங்கே ஓடுவது என்று கேட்பீர்கள். பாடசாலையா, பிள்ளைக் காம்பராவா என்பதைத் தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் வெயில் காலத்திலேயே முடிவு செய்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு சதம் செலவில்லை.

பாதீட்டு வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். போய்ப் பாருங்கள். கணினிக்கும் மென்பொருளுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் தோட்டப் பக்கம் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலே போதும், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. விண்ணப்பப் படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. டிவிஷனுக்கு ஒருவராவது எடுத்துக்கொண்டு போங்கள், பாதீடு நிறைவேறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.