கல்லும் பேசும், கிழவியும் பேசுவாள்

நடுவர் அவர்களே! எதிரணியிலே வீற்றிருக்கிற கல்வெட்டு அன்பர்களே! வீட்டில் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, வணக்கம்.

ஊரின் வரலாற்றைக் காப்பாற்றியது கல்வெட்டா, கிழவி சொன்ன கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணி நண்பர் கல்வெட்டு, கல்வெட்டு என்று தட்டித் தட்டிப் பேசினார். மேசைதான் பாவம்!

நான் சோழபுரம் பக்கத்து ஆள். ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை நிழல் விழுகிற சீமை. பாண்டிய நாட்டுக்கு நடுவிலே சோழன் பேரில் ஊர் எப்படி வந்தது? புத்தகத்தைக் கேட்டால், ராசராசன் பாண்டிய நாட்டை வென்றான், ராசேந்திரன் தன் மகனுக்குச் சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன் என்று பட்டம் கட்டி மதுரையில் உட்கார வைத்தான், அந்தக் காலத்துப் பேராக இருக்கலாம் என்கும். சரிதான். ஒத்துக்கிறேன்.

எங்க அப்பத்தாவைக் கேட்டால் வேறு கதை. சோழ ராஜா பாண்டிய ராஜாவுக்குப் பட்டு அனுப்பினானாம். பூராவும் நஞ்சு தோய்ச்ச பட்டு. சிவபெருமான் கனவில் வந்து, "அதை உடுத்தாதே"ன்னு சொல்லிட்டார். பாண்டியன் என்ன செய்தான்? கொண்டுவந்தவன் மேலேயே போர்த்தச் சொன்னான். அவன் கருகிப் போனான். சோழனுக்குக் கண் போச்சு. அழுது, தொழுது, ஒரு கண்ணைச் சேத்தூரில் திரும்ப வாங்கினான் என்பாள். அங்கே சாமிக்குப் பேரே திருக்கண்ணீசுவரர். பக்கத்திலே மலையடிவாரத்துத் தேவதானத்தில் இருக்கிற சிவனுக்குப் பேர் நச்சாடை தவிர்த்த லிங்கம். நச்சு ஆடை தவிர்த்த லிங்கம்! ஐயா, ஒரு முழுக் கதையைச் சாமி பேருக்குள்ளேயே மடிச்சு வச்சிருக்காங்களே, எந்தச் சிற்பி செதுக்கினான் இதை?

தீபாவளிக்குப் புதுச்சட்டை வந்தால் அப்பத்தா விடமாட்டாள். முனையிலே மஞ்சள் தடவி, "நச்சாடை தவிர்த்தவரே"ன்னு ஒரு தடவை சொல்லிட்டுத்தான் போடவிடுவாள். மஞ்சள் தடவுகிற வழக்கம் தமிழ்நாடு பூராவும் உண்டு. ஆனால் அவளுக்கு அது சோழ பாண்டியச் சண்டையின் பாக்கி!

நான் முனைவர் பட்டம் வாங்கின புதிது. தலைக்கனம் ஏறியிருக்கிற வயசு. "இதுக்கெல்லாம் ஆதாரம் உண்டா அப்பத்தா?"ன்னு கேட்டேன். கிழவி வெற்றிலையைத் துப்பிட்டுச் சொன்னாள்: "ஏலே, நீ பொறந்ததை நீ பார்த்தியா? நான் சொல்லித்தானே நம்புறே!"

(கைதட்டல்)

அவள் ராஜா கதை மட்டும் சொல்லவில்லை நடுவர் அவர்களே. மல்லி நாட்டு வேடர் அண்ணன் தம்பி வில்லி, கண்டன். காட்டிலே புலி கண்டனைக் கொன்றுபோட்டது. தம்பியைத் தேடி அலைந்து வில்லி மரத்தடியில் அயர்ந்து தூங்கினபோது பெருமாள் கனவில் வந்தார். வில்லி காட்டைத் திருத்தி உண்டாக்கின ஊர் வில்லிபுத்தூர். ஆண்டாள் பிறந்த ஊருக்கு ஒரு வேடன் பேர்தான் நிற்கிறது, கவனியுங்கள். கதையிலே முதல் சாட்சி புலி. 1988-இல் அங்கே சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் வைத்தார்கள். 2021-இல் அதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள், இந்தியாவுக்கு 51-ஆவது. சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். புலி உண்டு என்று அரசாங்கம் எழுதிவைத்ததற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே கதை எழுதிவைத்துவிட்டது!

அந்த மலையிலே பளியர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாறையிலே தேன் கட்டும், எந்தக் கிழங்கு எந்த மாசம் தோண்டணும் என்பதெல்லாம் அவர்கள் வாயிலே இருக்கிறது. கல்லிலே ராஜா எழுதினான். தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை எழுதினான். தேன் எடுக்கிறவனுக்கு எவன் கல் நட்டான்?

ஒன்று சொல்லிவிட்டு உட்கார்கிறேன். எனக்குப் புத்தி வந்து, டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். திண்ணையிலே அப்பத்தா. "ஓடைப் பேரெல்லாம் சொல்வியே, மலை இறங்குகிற தடத்துப் பேரெல்லாம் சொல்வியே, சொல்லு"ன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டியாய்யா?"ன்னு கேட்டாள். நாடா முழுக்க அதுதான் இருக்கிறது. ஓடைப் பேர் ஒன்றுகூட இல்லை. கல்வெட்டு எங்கும் ஓடிப்போகாது, நாளைக்கும் படி எடுக்கலாம். எதிரணியில் யார் வீட்டிலாவது எண்பது வயசுக்காரர் இருந்தால்...

மணி அடிச்சுட்டீங்க. சரிங்கய்யா. வணக்கம்.