விமானப் பாதுகாப்பு ஆலோசகர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

(சங்கத்தின் பொன்விழா ஆண்டில் இளைஞர் பிரிவு நடத்திய தொழில் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





வியாபாரிகளைக் கூப்பிட்டு விமானத் துறையைப் பற்றிப் பேசச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் நாங்கள் சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் பட்டயம் படித்தவர்கள். படிப்பும் தேசிய சேவையும் முடிந்ததும் அத்தாமார்களின் கடைகளுக்கு வந்துவிட்டோம். கடைக்கு வந்ததில் வருத்தமில்லை. "இந்தப் பட்டயத்தை வைத்துக்கொண்டு ஸ்குரூ முடுக்கத்தானே முடியும்?" என்று அன்று சொந்தக்காரர்கள் கேட்டதை நாங்களும் நம்பிவிட்டோமே, அதில்தான் வருத்தம். அது தவறு என்று எங்களுக்குப் புரியவைத்தது ஒரு பெட்டிச் சரக்கு.

கைத்தொலைபேசிச் சாமான்கள் விற்கும் நாங்கள் வெளியூருக்கு விமானத்தில் பவர் பேங்க் அனுப்ப முயன்றோம். சரக்கு திரும்பி வந்துவிட்டது. ஒருவர் வந்தார். பெயர் அட்டையில் "விமானப் பாதுகாப்பு ஆலோசகர்" என்று இருந்தது. "படிவத்தில் வெறும் துணைக்கருவிகள் என்று எழுதுங்கள், போய்விடும்" என்றார். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு, விமானச் சரக்குக் கிடங்கில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைத் தேடிப் போனோம். அவரிடம் பெயர் அட்டையே இல்லை. "பேட்டரி தனியாகவா, சாதனத்தோடா? எத்தனை வாட்-மணி? எவ்வளவு சார்ஜ் இருக்கிறது? சோதனை அறிக்கை வைத்திருக்கிறீர்களா?" என்று வரிசையாகக் கேட்டார். பிறகுதான் விளக்கினார். தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்ற தடை 2016 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. பவர் பேங்க்கும் அந்தக் கணக்கில்தான் வரும். 2010 செப்டம்பரில் துபாயிலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானம், லித்தியம் பேட்டரிகளும் இருந்த சரக்கில் தீப்பற்றி விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். முதலில் வந்தவர் சொன்னதை நாங்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு கேள்வி: உண்மையான ஆலோசகர் எங்கிருந்து வருகிறார்?

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் 'சேஃப்டி' வேறு, 'செக்யூரிட்டி' வேறு. தமிழில் இரண்டுக்கும் பாதுகாப்பு என்றே சொல்கிறோம். மலாயிலும் 'கெசெலாமாத்தான்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். முதலாவது, யாரும் கெடுதல் நினைக்காமலே நடக்கும் விபத்தைத் தடுப்பது. இரண்டாவது, வேண்டுமென்றே கெடுதல் செய்ய வருபவரைத் தடுப்பது.

நம் ஊர் அனுபவத்திலேயே இரண்டும் உண்டு. 2000 அக்டோபர் 31 இரவு, தைப்பேயில் புயல் மழைக்கு நடுவே எஸ்கியூ 006 விமானம், கட்டுமானப் பணிக்காக மூடியிருந்த ஓடுபாதையில் கிளம்ப முற்பட்டு 83 பேர் இறந்தார்கள். இது முதல் வகை. 1991 மார்ச் 26-ல் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வந்த எஸ்கியூ 117 விமானத்தை நால்வர் கடத்தினார்கள். மறுநாள் காலை நம் கமாண்டோ வீரர்கள் உள்ளே புகுந்து பயணிகளை மீட்டார்கள். இது இரண்டாம் வகை.

விபத்துத் தடுப்பு ஆலோசகர்களில் பலர் முன்னாள் விமானிகள், உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், விபத்துப் புலனாய்வாளர்கள். இவர்களோடு, நாம் எதிர்பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். 1977-ல் தெனரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு அல்ல. ஒருவர் சொன்னதை மற்றவர் தவறாகப் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதன் பிறகு விமானிக் குழுவினருக்குப் பேசவும் கேட்கவும் பயிற்சி தர மனவியல் அறிஞர்கள் இத்துறைக்குள் வந்தார்கள். மனிதத் தவறுகளைப் பற்றி இத்துறை இன்றும் பாடமாகப் படிக்கும் ஜேம்ஸ் ரீசன் மனவியல் பேராசிரியர். கருப்புப் பெட்டியில் விமானிகளின் பேச்சைப் பதிவு செய்யலாம் என்று யோசனை சொன்ன ஆஸ்திரேலியர் டேவிட் வாரன் எரிபொருள் ஆய்வு செய்த வேதியியலாளர்.

மறுபக்கம், செக்யூரிட்டி ஆலோசகர்கள் பெரும்பாலும் காவல்துறை, இராணுவம், சுங்கத்துறை, குடிநுழைவு, விமான நிலையச் சோதனைப் பணி ஆகியவற்றிலிருந்து வருகிறார்கள். வெடிபொருள் வல்லுநர்களும், இப்போது கணினிப் பாதுகாப்பு தெரிந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 1988-ல் லாக்கர்பி ஊருக்கு மேல் பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். குண்டு, உடன் பயணம் செய்யாத ஒருவரின் பெட்டியில் இருந்தது. பயணி ஏறாவிட்டால் அவர் பெட்டியை இறக்கும் வழக்கம் உலகெங்கும் இறுகியது அதன் பிறகுதான். பெட்டிகளைக் கையாண்டு பழகியவரின் அனுபவம் ஏன் மதிப்புப் பெறுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இரண்டு பக்கத்தாரும் படிக்கும் அடிப்படை விதிகள் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் பின்னிணைப்புகளில் உள்ளன. செக்யூரிட்டிக்கு 17, சேஃப்டி நிர்வாகத்துக்கு 19, விபத்துப் புலனாய்வுக்கு 13. இந்த 13-ல் உள்ள ஒரு விதி எங்களை மிகவும் கவர்ந்தது: புலனாய்வின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார்மீதும் பழி போடுவது அல்ல. தான் செய்த தவறைத் தானே எழுதிக் கொடுக்கும் பழக்கம் இந்தத் தொழிலின் முதுகெலும்பு.

தம்பி தங்கைகளே, ஒன்றைக் கவனியுங்கள். இவர்களில் யாரும் ஆலோசகராகத் தொழிலைத் தொடங்கவில்லை. முதலில் ஏதோ ஒரு வேலையில் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். விமானக் கொட்டகையில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், சோதனை இயந்திரத்தின் முன்னால், சரக்குக் கிடங்கில் நின்றார்கள். பிறகு தணிக்கை செய்யக் கற்றார்கள், பயிற்சி கொடுத்தார்கள். கடைசியில்தான் பிறர் அவர்களிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். நீங்கள் ஸ்குரூ முடுக்கத் தொடங்கினால், அனுபவமும் தேர்வுகளும் சேர்ந்து பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வரை போகலாம். உடலும் இயந்திரமும் என்றால் பி1, மின்னணுக் கருவிகள் என்றால் பி2. அந்த உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் பழுது பார்த்த விமானம் மறுபடி பறக்க முடியும். இது சின்ன வேலையா?

வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலோசகர் என்று ஒருவர் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வேலையில் எத்தனை ஆண்டு நின்றீர்கள்? சேஃப்டியா, செக்யூரிட்டியா, எது உங்கள் துறை? உங்கள் சான்றிதழ் இன்னும் நடப்பில் உள்ளதா? நல்லவர் கோபப்பட மாட்டார். தனக்குத் தெரியாததை, தெரியாது என்றே சொல்வார்.

பெற்றோர்களே, பிள்ளை கொட்டகை வேலைக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். அன்று எங்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. சாங்கியிலும் சிலேத்தாரிலும் வேலை செய்பவர்கள் நம் ஜமாஅத்திலும் இருப்பார்கள். உங்கள் பெயரைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கேள்வி கேட்க வரும் பிள்ளையிடம் அரை மணி நேரம் பேசுங்கள். ஐம்பது ஆண்டு கண்ட நம் சங்கம் இந்தப் பொன்விழா ஆண்டிலேயே அந்தப் பட்டியலைத் தொடங்கட்டும். அதைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.