மோட்டார் சைக்கிளும் பெட்ரோல் குறைந்த கலவையும்

மோட்டார் சைக்கிள் நம் நாட்டில் எளியவரின் வாகனம். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குச் செல்பவரும், இரவில் வீடு வீடாக உணவு கொண்டு சேர்ப்பவரும் அதை நம்பியே பிழைக்கின்றனர். அதன் இயந்திரம் ஒரு நாள் 'ஜாம்' ஆகிவிட்டால் வருமானமும் நின்றுவிடுகிறது. அப்படி ஜாம் ஆவதற்குரிய காரணங்களுள் ஒன்றை இன்று காண்போம்.

முதலில் ஒரு சொல். நம்மவர் பெட்ரோலையும் எண்ணெய் என்றே அழைப்பது வழக்கம். இந்த உரையில் எண்ணெய் என்றால் மசகெண்ணெய் மட்டுமே.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் மேட்டில் ஏறும்போதும், முழு வேகத்தில் ஓடும்போதும் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 கிராம் காற்றே இருக்கும்படி கலவையை அமைப்பர். மிகுதியான பெட்ரோல் வீண்தானே என்று கேட்கலாம். வீணன்று. அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பெட்ரோல் எரிபொருள் மட்டுமன்று, குளிரூட்டியும் ஆகும். எரியும் தீயின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசையும் தாண்டும். தூய அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டனுக்குரிய அலுமினியக் கலவை அதற்கும் முன்னரே உருகத் தொடங்கும். குளிரூட்டும் பெட்ரோலைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டு. பெட்ரோல் மிச்சமாகும் என்று கார்புரேட்டரில் சிறிய ஜெட்டைப் போடுகிறார்கள். இளைஞர்களோ சத்தத்துக்காகப் புகைக்குழாயை மாற்றி, காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றி எறிகிறார்கள். காற்று கூடுதலாக நுழைகிறது. ஜெட் மட்டும் பழையதே. சத்தம் என்னவோ பிரமாதம்தான்! எதையும் மாற்றாத வண்டியிலும் இது நேரலாம். ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கும், கார்புரேட்டரை இயந்திரத்தோடு இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்று புகும், தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கும்.

அடையாளங்கள் முன்பே தெரியும். திராட்டலை விட்ட பிறகும் இயந்திரத்தின் வேகம் உடனே தணியாது. புகைக்குழாயில் பட்பட்டென்று வெடிக்கும். சூடான வண்டியில் சோக்கைச் சற்று இழுத்ததும் ஓட்டம் சீராகுமானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பாக இருப்பது நலம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் ஆபத்து. அதில் பொடிப் பொடியாக உலோகத் துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் வண்டியை ஓட்டக் கூடாது.

ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இது பெரும்பகை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். சூட்டில் பிஸ்டன் விரிந்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் இயந்திரம் நின்று, பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். கூட்டரசு நெடுஞ்சாலையில் விரைந்து போகும்போது இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அந்நேரம் பிரேக்கை நாடாமல் முதலில் கிளட்சைப் பிடிக்க வேண்டும். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றும் புல்வெட்டும் இயந்திரங்களுக்கு இரட்டைக் கேடு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் புகை வெளியேறும் வால்வின் விளிம்பு கருகி அரிக்கப்படும். அழுத்தம் கசிந்து இழுவை குன்றும்.

பழுது பார்க்கும் வழி சேதத்தைப் பொறுத்தது. பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர்ச் சுவரில் அப்பியிருந்து, சுவரில் ஆழமான கீறல் இல்லையெனில், அதை அகற்றி, ஹோனிங் செய்து, அதே அளவில் புதிய பிஸ்டனும் ரிங்கும் போடலாம். கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் சிலிண்டரைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். இது இரும்பு உறை உள்ள சிலிண்டருக்கே பொருந்தும். உட்புறம் நிக்கல் பூச்சுள்ள சிலிண்டரைச் சாதாரணமாகக் கடைய முடியாது. மறுபூச்சு அல்லது புதிய சிலிண்டர்தான். பிஸ்டனில் ஓட்டை விழுந்திருந்தால் உலோகத் துகள்கள் கிராங்க் பேரிங்கில் புகுந்திருக்கும். அதையும் கழற்றிக் கழுவாமல் மூடும் பட்டறையை நாம் நம்பமாட்டோம். கருகிய வால்வை மாற்றி, அதன் இருக்கையையும் சீர்செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பழைய ஜெட்டையே மாட்டினால் புதிய பிஸ்டனும் அதே வழியில் போகும். ஆகவே காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சிலிண்டரை மூட விடாதீர்கள். ரப்பரையும் துளைகளையும் சோதித்த பின், ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் பாருங்கள். விலை சில வெள்ளிதான். பாதித் திராட்டலில் மட்டும் குறை தெரிந்தால், ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றுங்கள். ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய வண்டிகளில் ஜெட் இல்லை. புகைக்குழாயை மாற்றினால் கணினிப் பெட்டியின் அளவுகளையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். பிறகு சில நூறு கிலோமீட்டர் வரை முழுத் திராட்டல் கொடுக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இடையில் பிளக்கை ஒருமுறை கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.