நூறு ஆண்டுக் கணக்கு யாருக்கு?

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுகி, சனங்கள் கூரையில் ஏறி நின்று படகுக்குக் குரல் கொடுத்தார்கள். மலேசியாவில் 50க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நட்டம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. அதில் பாதிக்கு மேல், 310 கோடி, சிலாங்கூரில் மட்டும். வீட்டுக்குள் புகுந்த சேறு காய்வதற்குள் அரசாங்கத் தரப்பிலிருந்து ஒரு விளக்கம் வந்தது: இது நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் மழையாம்! ஆண்டுகள் ஓடிவிட்டன, எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கே லோங்காங் நிரம்பினாலும் அதே வசனத்தைத் தூசு தட்டி எடுத்து வருகிறார்கள்.

நூறு ஆண்டுக்கு ஒரு முறை என்றால், நாள் குறித்து வருவதற்கு மழை என்ன கும்பாபிஷேகமா? நீரியல் கணக்கில் அதன் பொருள் வேறு. எந்த ஆண்டிலும் அப்படி ஒரு மழை வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். 30 ஆண்டு வங்கிக் கடனில் தாழ்வான இடத்தில் வீடு வாங்கியவருக்கு, கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. இதை அவரிடம் எந்தத் தரகர் சொன்னார்? எந்த வங்கி சொன்னது? அந்த நூற்றில் ஒன்றும் பழைய மழையை வைத்துப் போட்ட கணக்கு. காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கொட்டும்போது அத்தனையையும் சேர்த்துக் கொட்டும். கோலாலம்பூர் 1926இல் மூழ்கியது, 1971 ஜனவரியில் மூழ்கியது, 2021இல் மறுபடி இந்தப் பள்ளத்தாக்கு மூழ்கியது. இவர்களுடைய நூறு ஆண்டு ரொம்பச் சின்ன நூறு ஆண்டு!

சூடு மழையை மட்டும் மாற்றவில்லை; பத்துமலைக்கு வந்து வௌவால் கதையும் சொல்லாமல் போனால் தப்பு. முருகனைப் பார்க்க 272 படி ஏறுகிறோம்; தலைக்கு மேலே குகை இருட்டில் தொங்குவதை யார் நிமிர்ந்து பார்க்கிறோம்? தேன் குடிக்கும் வௌவால் இனம் ஒன்று இந்தக் குகைகளில் வாழ்கிறது. டுரியான் பூவுக்கும் பெத்தாய் பூவுக்கும் மகரந்தம் சுமப்பது அதுதான். டுரியான் ஆண்டில் சில வாரமே பூக்கும். மற்ற மாதங்களில் அது என்ன தின்னும்? 1970களில் இதே பத்துமலையில் ஆராய்ந்தவர்கள் விடை கண்டார்கள்: இருட்டியதும் கிளம்பி 38 கிலோமீட்டர் வரைகூடப் பறந்து, கடலோரச் சதுப்புக் காட்டில் இரவில் மலரும் பெரெம்பாங் இனப் பூக்களை மொய்க்கிறது. கிள்ளான் கடலோரத்துச் சதுப்புக் காட்டை வெட்டினால் பகாங் ரோட்டோரக் கடையில் டுரியான் குறையும் என்பது வேடிக்கைப் பேச்சு இல்லை. இப்போது கடல் மட்டம் உயர்கிறது. அந்தக் காடு உயிர் பிழைக்கத் தரைப்பக்கம் நகர வேண்டும். பின்னால் செம்பனைத் தோட்டத்துக்குக் கட்டிய கரை மறிக்கிறது, முன்னால் அலை அரிக்கிறது. காடு போனால் பூ போகும், அலையைத் தாங்கும் அரணும் சேர்ந்தே போகும். பாவம், வௌவாலுக்கு ஓட்டு இல்லை. அதனால் யாரும் பேட்டி கொடுக்கவில்லை.

நம்மை மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? உலகத்துக் கரிம வெளியேற்றத்தில் மலேசியாவின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லையே, அமெரிக்காவிடம் போய்க் கேளுங்கள் என்கிறார்கள். கேட்போம், பெரிய நாடுகள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் 536 ஹெக்டரைப் பட்டியலிலிருந்து நீக்கியது அமெரிக்காவா? தண்ணீரையும் கரிமத்தையும் தன்னுள் பிடித்து வைக்கும் கரிச்சதுப்புக் காடு அது. தெமுவான் பூர்வகுடி மக்கள் அதை நம்பி வாழ்கிறார்கள். அந்த மக்களும் ஊரும் சேர்ந்து கத்திய பிறகு 2021 செப்டம்பரில் மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. சுமார் மூன்று மாதத்தில் வெள்ளம்! அந்தக் காடு இந்த வெள்ளத்தைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மழை கூடும் காலத்தில் தண்ணீர் தங்கும் இடத்தை விற்கப் பார்த்த மூளையைத்தான் கேட்கிறேன்.

இன்னொருவர் ஸ்மார்ட் வெள்ளநீர்ச் சுரங்கத்தைக் காட்டுகிறார். 9.7 கிலோமீட்டர், 2007இல் திறந்தது, நல்ல வேலைப்பாடு, மறுக்கவில்லை. அது கோலாலம்பூர் நடுநகரைக் காக்கக் கட்டியது. ஆற்றின் கீழ்க்கோடியில் ஸ்ரீ மூடாவில் இருப்பவனுக்கு எந்தச் சுரங்கம்? தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது வெளியேறிய நம் சனம் எங்கே குடியேறியது? விலை மலிந்த இடத்தில், ஆற்றங்கரையில், பள்ளத்தில். வெயில் ஏறினால் முதலில் சுருண்டு விழுவது வெட்டவெளியில் வேலை செய்பவன். மழை ஏறினால் முதலில் முழுகுவது அவன் வீட்டு மெத்தை. அவனிடம் போய் நூறு ஆண்டுக் கணக்கு சொல்ல வாய் கூச வேண்டாமா?

வளர்ச்சி வேண்டாமா என்று கேட்கிறார்கள் மேம்பாட்டாளர்கள். வேண்டும் ஐயா, தாராளமாகக் கட்டுங்கள்! ஆனால் வெள்ள வரைபடத்தை விற்பனை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் ஒட்டச் சட்டம் வரட்டும். கடலோரச் சதுப்பையும் தண்ணீர் பிடிக்கும் குளத்தையும் தொட வேண்டுமானால் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கட்டும், யார் கை தூக்கினார் என்று பத்திரிகையில் பெயர் வரட்டும். விளம்பரத்தில் நீச்சல் குளம் எத்தனை அடி ஆழம் என்று பெருமையாகப் போடுகிறீர்களே, 2021 டிசம்பரில் அதே மனையில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்பதையும் அதே எழுத்து அளவில் பக்கத்தில் போடுங்கள்!