எழுதுபவர் வேறு, ஏற்பவர் வேறு



பட்டம் பெறும் மருத்துவ, செவிலிய மாணவர்களே, உங்களில் சிலர் விரைவில் அண்ணாகிராமம் ஒன்றியத்தில் பணியில் சேரக்கூடும். முந்திரித் தோப்புகளில் வெறுங்காலோடு ஓடித்திரியும் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பீர்கள். 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை, புழு இருக்கிறதா என்று பார்க்காமலே அனைவருக்கும் மாத்திரை.

புழு உள்ள பிள்ளைக்கு மருந்து வேண்டும். அதில் யாருக்கும் ஐயமில்லை. எல்லாருக்கும் மொத்தமாகக் கொடுத்தால் பலன் எவ்வளவு? உத்தரப் பிரதேசத்தில் அண்ணாகிராமம் போன்ற 72 ஒன்றியங்களில், ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்தார்கள். 1999இல் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவு 2013இல்தான் அச்சேறியது. அதையும் வேறு பல ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு. அது, சராசரி எடையிலும் ஹீமோகுளோபினிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. உலக சுகாதார நிறுவனமோ மாத்திரையைப் பரிந்துரைக்கிறது. பெரும் வாதம் மூண்டது.

அந்த மதிப்பாய்வை எழுதியவர்களுள் ஒருவர் லிவர்பூலின் ஆய்வாளர் பால் கார்னர். அதை வெளியிட்ட காக்ரேன் தொற்றுநோய்ப் பிரிவின் தலைமைப் பதிப்பாசிரியராக அப்போது இருந்தவரும் அவரே. அவருடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. முடிவு தவறென்றும் சொல்லவில்லை. என் கவலை அமைப்பைப் பற்றியது. காக்ரேன் பிரிவுகள் எழுதுவோருக்கு வழிகாட்டின, கூடவே உழைத்தன, கடைசியில் ஏற்பதா என்ற தீர்ப்பையும் தாமே சொல்லின. பல மாதம் சேர்ந்து உழைத்தவரிடம் "இது தேறாது" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? சரியான முடிவுக்குக்கூட இப்படி ஒரு நிழல் விழுவது எனக்கு வேதனை தருகிறது. மாத்திரையை விழுங்குவது நம் பிள்ளை அல்லவா!

2023இல் பிரிட்டனில் இருந்த காக்ரேன் பிரிவுகள் பலவற்றுக்கு அரசு நிதி நின்றது. அதையொட்டி எழுதும் குழுக்கள் ஒருபுறமாகவும், சரிபார்த்து முடிவெடுக்கும் மையப் பதிப்புக் குழு மறுபுறமாகவும் பிரிந்தன. பணமுடை ஒரு காரணம்தான். ஆனாலும் முன்பே செய்திருக்க வேண்டியது அது.

உங்கள் பட்டத்துக்கும் மதிப்பு வந்தது இப்படி வெளியார் ஒருவர் சரிபார்த்ததால்தான். பாடம் சொன்ன பேராசிரியரோடு, வெளியூரிலிருந்து வந்த புறத் தேர்வாளரும் உங்களைக் கேள்வி கேட்டார்.

நாளை உங்கள் முகாம் வெற்றியா என்று நீங்களே அறிக்கை எழுதுவீர்கள். மேலே அனுப்புமுன் குறிஞ்சிப்பாடி ஒன்றியத்து மருத்துவர் ஒருவரிடம் அதைக் கொடுங்கள். பாராட்டுவதற்கு மட்டுமல்லாமல், திருப்பி அனுப்பவும் அவருக்கு உரிமை கொடுங்கள்.